சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறும் வரை: எங்கே சாப்பிடலாம், எங்கே வாங்கலாம்

விஜயவாடாவில் குடியிருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்குப் போகிறோம். பினாகினி எக்ஸ்பிரஸில் வந்தால் மதியம் ஒரு மணி வாக்கில் சென்ட்ரலில் இறங்குவோம். இரவு வண்டியில் வந்தால் விடியும்போதே சென்னை. தெற்கே போகிற வண்டி எழும்பூரில், ராத்திரி எட்டு மணிக்கு மேல். நடுவில் ஆறேழு மணி நேரம், சில தடவை பன்னிரண்டு மணி நேரம்கூட, ஊரில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் கழித்தாக வேண்டும். கையில் அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு பை.

இத்தனை வருடத்தில் இந்த இடைவெளியை ஐந்தாறு விதமாகக் கழித்துப் பார்த்துவிட்டோம். ஸ்டேஷனுக்குள்ளேயே உட்கார்ந்தது, சௌகார்பேட்டை போனது, எழும்பூரைச் சுற்றியது, ரங்கநாதன் தெரு, பர்மா பஜார் என்று எல்லாமே உண்டு. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? பையை எங்கே வைக்கப் போகிறீர்கள்? தூரம் அதற்கு அப்புறம்தான்.

பை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஏனென்றால் அதில்தான் நாங்கள் அடிபட்டோம். ஒரு கார்த்திகை மாதம், சென்ட்ரலில் இறங்கியதும் அங்கேயே க்ளோக் ரூமில் பைகளைப் போட்டுவிட்டு சௌகார்பேட்டைக்கு நடந்தோம். அலைச்சல் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது. ஆறரை மணிக்கு ஆட்டோ பிடித்துத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வால்டாக்ஸ் சாலையில் வண்டி நகரவே இல்லை. சென்ட்ரலில் பையை எடுத்து, மறுபடியும் எழும்பூருக்கு ஓடி, நாங்கள் பெட்டியைக் கண்டுபிடித்து ஏறும்போது கார்டு விசில் ஊதிவிட்டார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது அடங்க செங்கல்பட்டு வரை ஆனது. இறங்கிய ஸ்டேஷனில் பையை வைத்தால், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு இன்னொரு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அதுவும் ஊரே நெரிசலாக இருக்கிற மாலை நேரத்தில். அன்றிலிருந்து ஒரே பழக்கம்: பை, ஏறப்போகிற ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும்.

சென்ட்ரலிலிருந்து எழும்பூர் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், பத்து ரூபாய். சுரங்கப்பாதை வழியாகவே மெட்ரோவுக்கு இறங்கிவிடலாம், லிஃப்டும் நகரும் படியும் உண்டு. எழும்பூர் மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் ரயில்வே ஸ்டேஷன் வாசல் கூப்பிடு தூரம். அங்கே க்ளோக் ரூமில் போட, பை பூட்டியிருக்க வேண்டும், டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டில்லாத கட்டைப்பையையும் துணிப்பையையும் வாங்க மாட்டார்கள். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டே நகருங்கள்.

சரி, இனி இடங்களுக்கு வருவோம்.

இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் வெளியே போகிற எண்ணமே வேண்டாம். சென்ட்ரலுக்குள்ளேயே டிபன் கிடைக்கும், ஆவின் கடையில் பால் கிடைக்கும், கட்டணக் காத்திருப்பு அறையில் குளித்து உடை மாற்றிக்கொள்ளலாம். ஸ்டேஷன் சாப்பாடு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அதைவிட, அடுத்த வண்டியில் ஏறிய பிறகு வருகிற ஸ்டேஷனுக்கு ஐஆர்சிடிசி இ-கேட்டரிங்கில் சொல்லிவைத்தால் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். 1323 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு விஷயம், வண்டி தாமதமானால் சாப்பாடு ஆறித்தான் வரும்.

இரண்டு மணி நேரத்தை நடந்து கழிக்க விரும்புகிற, புத்தகப் பித்துள்ள ஆளாக இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வணிக வளாகம் இருக்கிறது. பழைய மூர் மார்க்கெட் 1985-இல் தீப்பிடித்து எரிந்த பிறகு அங்கிருந்த வியாபாரிகளுக்கு ஒதுக்கிய இடம். மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. அல்லிக்குளத்தில் பழைய பாடப் புத்தகம்தான் அதிகம், ஆனால் தூசியைத் தட்டிக்கொண்டு அரை மணி நேரம் துழாவினால் எப்போதோ பதிப்பு நின்றுபோன தமிழ்ப் புத்தகம் ஒன்று கையில் தட்டுப்படும். என்னிடம் இருக்கிற பழைய சித்த மருத்துவ நூல் ஒன்று அப்படி வந்ததுதான். இன்னும் சற்றுத் தள்ளி பெரியமேட்டில் தோல் பொருள்களும் விளையாட்டுச் சாமான்களும் கிடைக்கும். பையனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்குவதாக இருந்தால் அங்கே போங்கள்.

இப்போது உண்மையான போட்டிக்கு வருகிறேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது, பை எழும்பூரில் இருக்கிறது. சௌகார்பேட்டையா, எழும்பூரா, மாம்பலமா, பீச் ஸ்டேஷன் பக்கமா?

சாப்பாட்டுக்காக என்றால் சௌகார்பேட்டைக்கு ஈடு கிடையாது. ஆனால் காலையில் இறங்குகிறவர்களுக்கு அது சரிப்படாது. மொத்தக் கடைகள் ஷட்டர் தூக்கவே பத்து, பத்தரை ஆகும். சாப்பாட்டுக் கடைகள் சூடுபிடிப்பது சாயங்காலம்தான். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர் கல்லைப் பற்றவைப்பதே மாலை ஆறு மணி வாக்கில். அங்கே இருப்பது இட்லியும் ஊத்தப்பமும் மட்டுமே. பெரிய கல்லின் மேல் குட்டிக் குட்டி இட்லிகளை அடுக்கி, பொடியைத் தூவி, அதன்மேல் நெய்யை ஊற்றுகிறார்கள். தெளிப்பது இல்லை, ஊற்றுவதுதான். இட்லி கல்லில் கிடந்து அடிப்பக்கம் லேசாக முறுகி, மேல்பக்கம் பஞ்சாகவே இருக்கும்போது தட்டுக்கு வருகிறது. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். என் அம்மா ஐம்பது வருடமாக இட்லி சுடுகிறவர். முதல் தட்டு முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தட்டுக்குக் கை நீட்டினார்.

அங்கிருந்து மின்ட் தெருவுக்குள் நுழைந்தால் காகடா ராம்பிரசாத்தில் சுடச்சுட ஜிலேபியும் பாதாம் பாலும். ஜிலேபியைப் பொட்டலம் கட்டி வாங்காதீர்கள், வண்டிக்குள் போய்ப் பிரிக்கும்போது அது வேறு பண்டமாகியிருக்கும். அங்கேயே, வாய் பொறுக்கிற சூட்டில் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு முறுக்கு சாண்ட்விச் பிடித்துப்போனது. ரொட்டிக்குப் பதிலாக இரண்டு முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. குஜராத்தியும் மார்வாடியும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் குடியிருந்தால் முறுக்குக்கு இப்படி ஒரு வேலை வந்துசேரும்.

கடைவீதி என்று பார்த்தாலும் அந்த வட்டாரம் தனிதான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, திராட்சை, ஏலக்காய், மசாலா. கோடவுன் தெருவில் துணி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கந்தகோட்டம் இருக்கிற ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள். நெஞ்சைத் தொடுகிற அந்த அதிமதுர வாசனையிலேயே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். வள்ளலார் பாடிய முருகன் அங்கே இருக்கிறான், கடைச் சத்தத்திலிருந்து பத்து நிமிஷம் ஒதுங்கி உட்கார அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஊரில் விசேஷம் வைத்திருக்கிறவர்கள் முந்திரியும் ஏலக்காயும் இங்கே வாங்கிக்கொண்டு போனால் விலையில் வித்தியாசம் தெரியும். ஒரு கிலோவுக்கும் கொடுப்பார்கள், மொத்தக் கடை என்று தயங்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நடைபாதை என்று ஒன்று இல்லை. தலைச்சுமையும் தள்ளுவண்டியும் பைக்கும் ஒரே சந்தில். வயதானவர்கள் நடக்கச் சிரமம், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து உருட்டுவது முடியவே முடியாது. கழிப்பறைக்கு வழி கிடையாது, ஸ்டேஷனிலேயே முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருக்கும். போகவர ஆட்டோவை நம்பாதீர்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையோடு நடந்து போய், அதே வழியில் திரும்பி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி எழும்பூர் வந்துவிட்டால் மழையும் நெரிசலும் உங்களைத் தொடாது.

எழும்பூரைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது தப்பு. காலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எழும்பூர்தான். காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் சந்திலும் வசந்த பவன், சரவண பவன் என்று சைவ ஹோட்டல்கள் காலையிலேயே திறந்திருக்கின்றன. இரவெல்லாம் வண்டியில் வந்தவர்களுக்குப் பொங்கலும் ஃபில்டர் காபியும், கை கழுவ ஒழுங்கான இடமும், உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்தால் அதுவே பாதி பாரம் இறங்கின மாதிரி. அப்புறம் பத்து, பதினைந்து நிமிஷம் நடந்தால் பாந்தியன் சாலை. அரசு அருங்காட்சியகம் அங்கேதான். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைகள் இருக்கிற கூடத்துக்கு மட்டும் போனால்கூடப் போதும், வெயில் நேரம் முழுக்க அங்கே போய்விடும்.

ஆனால் அம்மாவுக்குப் பாந்தியன் சாலை என்றால் துணிக் கடைகள். சாலையோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், மீட்டர் கணக்கில் பருத்தித் துணி, ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சியது. அம்மா துணியைத் தொடும் விதம் தனி. முதலில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். அப்புறம் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நெசவின் அடர்த்தியைப் பார்ப்பார். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அது அறுகிறதா இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டு, “இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு தம்பி” என்று கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து வேறு ஒரு சுருளை எடுத்துப் போடுவார். அதிலிருந்துதான் பேரம் ஆரம்பமாகும். மூன்று பேருக்குச் சட்டைத் துணியும் தலையணை உறைக்கான துணியும், ஜவுளிக் கடையில் ஒரு சட்டைக்குக் கொடுக்கிற பணத்தில் எடுத்திருக்கிறோம். நிறம் போகுமா என்பதற்கு மட்டும் அங்கே உத்தரவாதம் கிடையாது. முதல் தடவை தனியாக நனைத்துவிடுங்கள். உத்தரவாதமான சரக்கு வேண்டும் என்பவர்களுக்கு அதே சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, கைத்தறிப் போர்வை, சேலை, வேட்டி எல்லாம் விலைச்சீட்டோடு.

எழும்பூரின் பெரிய லாபம் மன அமைதி. எந்த நிமிஷமும் ஸ்டேஷன் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தையோடு, உடம்பு முடியாதவர்களோடு வருகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கடைவீதிக்காகவே இடைவெளியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மாம்பலம். எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் நாலாவது ஸ்டேஷன்: சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். ஐந்து ரூபாய் டிக்கெட். வெளியே கால் வைத்தாலே ரங்கநாதன் தெரு. 2023-இல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை நடைமேம்பாலம் திறந்துவிட்டார்கள். தெருவுக்குள் இறங்காமல் மேலேயே நடந்து தாண்டிவிடலாம், அம்மாவுக்கு அது பெரிய உதவி. பாத்திரம், ரெடிமேட், பள்ளிக்கூடப் பை, செருப்பு எல்லாமே ஒரே இடத்தில். ஆனால் சாப்பாட்டுக்கு நான் கிழக்குப் பக்கம் போக மாட்டேன். தண்டவாளத்துக்கு மேற்கே இறங்கினால் மேற்கு மாம்பலம். அந்தப் பக்கம் ஆரிய கவுடா சாலை வட்டாரத்தில் சின்ன மெஸ்கள், வீட்டுப் பக்குவத்தில் சாப்பாடு, அப்பளம், வடாம், வத்தல், பட்சணக் கடைகள். சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதமும் ஆடித் தள்ளுபடி சமயமும் மட்டும் மாம்பலத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பில் போட வரிசையில் நின்றால் வண்டி நேரம்தான் மனசில் ஓடும்.

மாம்பலத்தில் இன்னொரு வசதி உண்டு. தெற்கே போகிற விரைவு வண்டிகளில் சில அங்கேயே நிற்கும், பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். போர்டிங் பாயின்ட்டை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொண்டால் திரும்ப எழும்பூர் வர வேண்டியதில்லை. மாற்றாமல் நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், படுக்கையை வேறொருவருக்கு ஒதுக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக பீச். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் சாய்வாகவே எழுதுகிறேன். எழும்பூரிலிருந்து பூங்கா, கோட்டை, அப்புறம் பீச், மூன்றாவது ஸ்டேஷன். சாலையைத் தாண்டினால் பர்மா பஜார். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகண்ணிகளை அரசுடைமையாக்கிய பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் ஏற்படுத்தியதுதான் இந்தக் கடைவரிசை. ஒரு காலத்தில் வெளிநாட்டு வாட்ச்சும் டேப் ரெக்கார்டரும் வாங்க ஊரே இங்கே வந்தது. இப்போது செல்போன் உறை, சார்ஜர், ஹெட்போன், சென்ட்டு. வாரண்டி, பில் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. சார்ஜர் வாங்கினால் அங்கேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பொருள் வாங்க இங்கே போகச் சொல்ல மாட்டேன்.

சாப்பிடப் போகச் சொல்வேன். பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் ஆனால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற வண்டிகள் வந்துவிடும். பெரிய தட்டில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். கடைக்காரர் அதில் ஒரு பிடியைக் கிண்ணத்தில் போட்டு, பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து, தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கிற பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார். ஆறு விரல்கடை உயரத்தில் தூக்கித் தூக்கிப் பிசைகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு கரண்டி. அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் காரமும் திணித்துக் கொடுக்கிற முட்டை மசாலாவை ஒரே வாயில் போட வேண்டும். சூப்பிலேயே நூடுல்ஸைப் போட்டால் அது மொய்ங்கா. மழைநாளில் அதுதான். ரங்கூனில் பிறந்த எங்கள் பெரியப்பா ஒரு தடவை எங்களோடு வந்து, முதல் வாய் மொய்ங்காவை விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அங்கே மீன் போடுவாங்க” என்று மட்டும் சொன்னார்.

வயிறு சரியில்லாதவர்கள், நீண்ட பயணம் பாக்கி இருப்பவர்கள் தெருக்கடை வேண்டாம் என்று நினைத்தால் அது நியாயம்தான். எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு நான் அத்தோ கொடுப்பதில்லை, சூப் மட்டும்தான். இன்னொன்று, ஐந்தரைக்கு மேல் பீச்சிலிருந்து தாம்பரம் போகிற ரயில்களில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் கூட்டம். பீச்சிலேயே வண்டி புறப்படுவதால் அங்கே ஏறினால் இடம் கிடைத்துவிடும், எழும்பூரில் இறங்கத்தான் கதவுப் பக்கம் முன்னாடியே நகர வேண்டும். அத்தோ சாப்பிடப் போகும்போது பெரிய பை கூடவே கூடாது என்பது இதனால்தான்.

அசைவம் வேண்டும், ஆனால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு அண்ணா சாலை புகாரி. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடக்க வேண்டும். சிக்கன் 65 பிறந்த வீடு என்று பேர் வாங்கிய கடை. பக்கத்திலேயே ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை, பிள்ளைகள் ஓட இடம், மே மாத வெயிலுக்கு அது ஒத்துக்கொள்ளக்கூடிய வழிதான். ஆனால் அதே கடைகள் விஜயவாடாவிலும் இருக்கின்றன.

ஆக, எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி. காலையில் இறங்கினால் எழும்பூர் டிபன், பாந்தியன் சாலை, நேரம் மிஞ்சினால் மாம்பலம். மதியம் இறங்கினால், விசேஷ வீட்டுச் சாமான் வாங்க வேண்டியிருந்தால் சௌகார்பேட்டை, இல்லாவிட்டால் பீச். ஞாயிற்றுக்கிழமையானால் சௌகார்பேட்டை அடிபட்டுப்போகும். புறநகர் ரயிலும் குறைவாகத்தான் ஓடும், அதற்கு இருபது நிமிஷம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். எந்த இடமானாலும் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழும்பூர் க்ளோக் ரூம் வாசலில் நிற்க வேண்டும்.

இந்தத் தை மாதம் சித்தி மகள் கல்யாணம். வியாழக்கிழமை பினாகினியில் டிக்கெட் போட்டாயிற்று. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இரண்டு கிலோ முந்திரி, கால் கிலோ ஏலக்காய் வாங்கிவரச் சொல்லிச் சித்தி சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆறு மணிக்கு இட்லிக் கல் காய்ந்துவிடும். அம்மா இப்போதே கேட்டுவிட்டார், பூட்டு எங்கே என்று.